புளியரை ஏற்றம்: அன்றும் இன்றும்

இலத்தூரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் சாலை சமதரை. இரண்டு பக்கமும் வயலும் தென்னையும் குளக்கரையும்தான். அங்கே எந்த வண்டியும் நல்ல வண்டியாகத்தான் தெரியும். புளியரை தாண்டி, எஸ் வளைவு என்று ஓட்டுநர்கள் சொல்லும் திருப்பத்தில் முன்சக்கரம் ஏறியதும் அதன் சுயரூபம் வெளிப்பட்டுவிடும். அங்கிருந்து கோட்டைவாசல் வரையிலான ஏற்றம் நீளமானது அல்ல. ஆனால் தென்மாவட்டங்களிலிருந்து ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று போகிறவர்களுக்கு இதுதான் வழி என்பதால், இந்தப் பக்கத்துக் கார்களில் பெரும்பாலானவை என்றாவது ஒருநாள் அதில் ஏறியிருக்கும்.

நாற்பது வருடத்துக்கு முன்னால் ஏறியவை அம்பாசடரும் ஃபியட்டும். குற்றால சீசனில் சாரல் அடிக்கும்போது அருவியில் குளித்துவிட்டு, அப்படியே ஆரியங்காவு ஐயப்பனையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பும் அம்பாசடரில் ஏழு பேராவது இருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். டிக்கியில் சாப்பாட்டுத் தூக்குகள் வேறு. பாதி ஏற்றத்தில் ஓரங்கட்டி, பானட்டைத் திறந்துவைத்து, ரேடியேட்டர் ஆறட்டும் என்று ஓட்டுநர் பீடி பற்றவைக்கிற காட்சி அன்று சாதாரணம். அவருக்கு ஒரு விதி தெரியும்: ஏற்றத்துக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிரணும், நடுவுல குறைச்சா வண்டி செத்துரும். வளைவு கண்ணில் படும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, அந்தச் சத்தம் இறங்காமல் மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவருடைய தொழில் நுணுக்கம்.

இன்று அதே ஏற்றத்தில் ஒரு சாதாரண ஸ்விஃப்ட்டோ ஐ20யோ மூன்றாவது கியரில், ஏசி ஓட, உள்ளே பாட்டு ஓட, யாரும் எதையும் கவனிக்காமலேயே ஏறிவிடுகிறது. முன்னால் கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப்போகும் டாரஸ் லாரி ஊர்ந்துகொண்டிருந்தால், அதன் பின்னால் வேகம் இறங்கிப் பிறகு மீண்டும் எடுக்கும்போதும் முக்குவதில்லை. சீசனில் எப்போதாவது ஒரு போர்ஷேயோ பி.எம்.டபிள்யூவோ கடந்துபோகும். அதுவும் லாரியின் பின்னால் சாதுவாக ஊர்ந்து, வழி கிடைத்ததும் சீறிக் கிளம்பிவிடும். ஊர்வதும் சீறுவதும் ஒரே இன்ஜின் என்பதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு அது நடக்காத காரியம்.

இந்த மாற்றத்துக்குக் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது, சிலிண்டருக்கு இரண்டு வால்வு போய் நான்கு வந்தது, கம்ப்யூட்டர் வந்தது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஊர்ந்துகொண்டும் சீறிக்கொண்டும் போகக்கூடிய இரட்டைக் குணத்துக்கு முக்கியமான காரணம், வால்வு திறந்து மூடும் நேரத்தை ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றும் ஏற்பாடு. விவிடி, விடெக், விவிஏ என்று கார்களின் பின்புறத்திலும் பைக்குகளின் பக்கவாட்டிலும் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பது அதுதான். ஸ்டிக்கரைப் பார்த்திருக்கிறோம், உள்ளே நடப்பதைப் பார்த்திருக்க மாட்டோம்.

சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் போக இன்லெட் வால்வு, எரிந்த புகை வெளியேற எக்ஸாஸ்ட் வால்வு. இரண்டையும் திறப்பது கேம்ஷாஃப்ட் என்ற தண்டில் உள்ள புடைப்புகள். புடைப்பின் வடிவமும் அது தண்டில் இருக்கும் கோணமும் தொழிற்சாலையில் கடைந்து முடித்ததோடு சரி. வால்வு எப்போது திறக்கும், எவ்வளவு திறக்கும், எப்போது மூடும் என்ற மூன்றும் அந்த இரும்பில் எழுதப்பட்டுவிடும். அதன்பின் அந்த இன்ஜின் ஆயுள் முழுவதும் அந்த எழுத்துப்படிதான் மூச்சு வாங்கும்.

சிக்கல் எங்கே என்றால், இன்ஜினின் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. நிமிடத்துக்கு 1000 சுற்றில் பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கிக் காற்றை இழுக்க 30 மில்லிசெகண்ட் கிடைக்கிறது. 6000 சுற்றில் அதே வேலைக்கு 5 மில்லிசெகண்ட்தான். அந்த வேகத்தில் ஒவ்வொரு வால்வும் செகண்டுக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. இவ்வளவு குறுகிய நேரத்தில் காற்று உள்ளே வர வேண்டுமானால், பிஸ்டன் கீழே போய்ச் சேர்ந்த பின்னும் இன்லெட் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்க வேண்டும்.

பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கியபின் காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்கலாம். நம் ஊர்க் குளத்து மடையைத் திறந்து வாய்க்காலில் தண்ணீர் முழு வேகத்தில் ஓடும்போது கீழ்முனையை அடைத்துப் பார்த்தால் தெரியும்: ஓடிவந்த தண்ணீர் உடனே நிற்காது, வந்த வேகத்தில் அடைப்பின் மேல் ஏறிக் குவியும். காற்றும் அப்படித்தான். குழாயில் வேகமெடுத்து ஓடிவரும் காற்று, பிஸ்டன் திரும்பிவிட்டது என்பதற்காக நிற்காது. தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் உள்ளே நெருக்கிக்கொண்டு நுழையும். அதனால் வேகமாக ஓடும் இன்ஜினுக்கு வால்வைத் தாமதமாக மூடினால் லாபம். அதையே மெதுவாக ஓடும்போது செய்தால் நஷ்டம்: காற்றில் வேகம் இல்லை, ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்ததையும் வெளியே தள்ளிவிடும். உள்ளே இருப்பது குறைந்தால் இழுவை குறையும். ஏற்றத்தில் வண்டி முக்கும்.

இன்லெட் திறப்பதற்கும் எக்ஸாஸ்ட் மூடுவதற்கும் இடையே இரண்டு வால்வும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் சிறு நேரம் ஒன்றும் உண்டு. அதை ஓவர்லாப் என்கிறார்கள். அதிவேகத்தில், வெளியேறும் புகை தன் பின்னால் புதுக் காற்றை இழுத்துவிடும் என்பதால் ஓவர்லாப் அதிகம் இருந்தால் நல்லது. வண்டி நின்று ஐடிலிங்கில் உறுமும்போது அதே ஓவர்லாப் புகையைத் திரும்ப உள்ளே விட்டுவிடும். இன்ஜின் விட்டுவிட்டு அடிக்கும், பெட்ரோல் நாற்றம் வரும், சில சமயம் நின்றேவிடும்.

ஆக, ஒரே கேம் இரண்டு வேலைக்கும் ஒத்துவராது. ஏற்றம் இழுக்கும் கேம் ஒன்று, பந்தயத்துக்கான கேம் இன்னொன்று. இன்ஜின் வடிவமைப்பாளர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதைக் கைகழுவ வேண்டும். அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின் கைகழுவியது வேகத்தை. சுமார் 50 குதிரைசக்திதான், ஆனால் குறைந்த சுற்றில் தன்னால் முடிந்ததைப் பிடிவாதமாக இழுக்கும். ஃபியட்டின் 1089 சி.சி. இன்ஜின் அதைவிடச் சற்று உற்சாகமானது, அதனால் கியர் மாற்ற வேண்டியதும் அதிகம்.

அப்படிக் கைகழுவப்பட்ட வேகத்தை மீட்டெடுக்கப் போராடியவர்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. வெளிநாட்டிலிருந்து வந்த பந்தயக் கார்களோடு, நம் சாலையில் ஓடிய அதே ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் அங்கே ஓடின. ஹெரால்டு சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் நிறுவனம் செய்த கார். பந்தயத்துக்கு என்று அவற்றின் கேம்ஷாஃப்டை மாற்றுவார்கள், அல்லது புடைப்பை வேறு வடிவத்துக்குக் கடைவார்கள். வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், உயரமாகவும் திறக்கும். மேல் சுற்றில் கார் பறக்கும். ஆனால் புறப்படும் கோட்டில் நிற்கும்போது தடதடவென்று துள்ளும், ஆக்சிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டே இருக்காவிட்டால் அணைந்துவிடும். பந்தயம் முடிந்ததும் அந்தக் கேமோடு வீட்டுக்கு ஓட்டிப் போவது வேதனை. அதை எடுத்துவந்து புளியரை ஏற்றத்தில் ஏழு பேரோடு ஏற்றியிருந்தால் எஸ் வளைவு தாண்டியிருக்காது.

சாதாரணப் பட்டறையில் வால்வு நேரத்தின் மேல் மெக்கானிக்குக்கு இருந்த அதிகாரம் இம்மியளவுதான். அது டேப்பட்டில் இருந்தது. டாப் கவரைக் கழற்றி, ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை நுழைத்து, ஸ்பேனரால் லாக் நட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் திருகுவார்கள். பத்து தவ், பதினைந்து தவ் (தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று வண்டிக்கு ஒரு கணக்கு. தகடு லேசான பிடிப்போடு வழுக்கி வர வேண்டும். தாராளமாக வந்தால் இடைவெளி அதிகம்: வால்வு தாமதமாகத் திறந்து முன்கூட்டியே மூடும், டக் டக் என்று சத்தம் வரும், இழுவையும் கொஞ்சம் போகும். இறுக்கமாக வந்தால் வால்வு முழுதாக உட்காராது, நாளடைவில் கருகும். கைதேர்ந்தவர்களுக்குத் தகட்டின் அந்தப் பிடிப்பு விரல் நுனியில் பதிந்திருக்கும். கேஜ் இல்லாமலே சத்தத்தை வைத்துச் சரிசெய்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எல்லோருமே சரியாகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கருகிய வால்வுகளையும் நிறையப் பார்த்திருக்கிறோம்.

தீப்பொறி விழும் நேரம் மட்டும் அன்றே மாறிக்கொண்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகளும் வேக்குவம் டப்பாவும் சேர்ந்து, வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பப் பொறியை முன்கூட்டி விழவைத்தன. பொறி முந்தலாம், பிந்தலாம். வால்வுக்கு அந்தச் சுதந்திரம் வருவதற்குக் கார் பிறந்து ஏறத்தாழ நூறு ஆண்டு ஆனது. காரணம் எளியது. பொறியை நகர்த்த ஒரு சின்னத் தட்டைத் திருப்பினால் போதும். ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை எதிர்த்துச் சுழன்றுகொண்டிருக்கும் கனமான தண்டை, ஓட்டத்தின் நடுவே, சங்கிலிக்குச் சற்று முன்னே பின்னே திருப்புவது அவ்வளவு லேசல்ல.

(இந்தத் தலைவலியே இல்லாமல் இருந்தவர்கள் ஆர்எக்ஸ் 100காரர்கள். 1985இல் இந்தியாவுக்கு வந்த அந்த யமஹா டூ-ஸ்ட்ரோக். அதில் டேப்பட்டும் இல்லை, கேமும் இல்லை. சிலிண்டர் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். 98 சி.சி.யில் 11 குதிரைசக்தி. தென்காசியில் இன்றும் அதைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பவர்களிடம் வால்வு டைமிங் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள்.)

விற்பனைக்கு வந்த காரில் முதன்முதலாக வால்வு நேரத்தை மாற்றிக்காட்டியது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, 1980இல், ஸ்பைடர் 2000 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரில். அது வேகத்துக்காக வந்தது என்று நினைத்தால் தவறு. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காக வந்தது. ஐடிலிங்கில் ஓவர்லாப்பைக் குறைத்தால் எரியாத பெட்ரோல் வெளியேறுவது குறையும். ஆனால் நிரந்தரமாகக் குறைத்துவிட்டால் அது ஸ்போர்ட்ஸ் காராக இருக்காது. அதனால் குறைந்த சுற்றில் ஒரு நிலை, மேலே போனால் இன்னொரு நிலை என்று இன்லெட் கேமுக்கு இரண்டு நிலை வைத்தார்கள். புகைக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு பிறகு வேகத்தின் கருவியானது.

அதை உலகமே திரும்பிப் பார்க்கும்படி செய்தது ஹோண்டா. 1989இல் ஜப்பானில் வந்த இன்டெக்ரா காரின் 1.6 லிட்டர் இன்ஜின் 7600 சுற்றில் 160 குதிரைசக்தி தந்தது. டர்போ இல்லாமல் லிட்டருக்கு 100. பந்தயக் கார்களில் பார்த்த கணக்கு அது. ஹோண்டா கேமைத் திருப்பவில்லை, ஒரே தண்டில் இரண்டு விதமான கேம்களைக் கடைந்து வைத்தது. வால்வு ஜோடிக்கு மூன்று புடைப்புகள்: ஓரங்களில் இரண்டு அடக்கமானவை, நடுவில் ஒன்று உயரமானது. கீழ்ச் சுற்றில் ஓரத்துப் புடைப்புகள் வால்வைத் திறக்க, நடுவிலுள்ளது சும்மா ஆடிக்கொண்டிருக்கும். சுற்று கூடியதும் ஆயில் அழுத்தம் சிறு ஊசிகளைத் தள்ளி மூன்று ராக்கர்களையும் ஒன்றாகப் பூட்டும். அந்தக் கணத்திலிருந்து நடுப்புடைப்பு சொன்னதே சட்டம். அதாவது அம்பாசடர் கேமும் சோழவரம் கேமும் ஒரே இன்ஜினுக்குள்.

இதன் உச்சம் 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000. அதை நம்மூர் காரோடு வைத்துக் கணக்குப் போட்டால்தான் விஷயம் விளங்கும். 2011இல் இங்கே வந்த ஸ்விஃப்ட்டின் 1197 சி.சி. இன்ஜின், விவிடியோடு, 4000 சுற்றில் 114 நியூட்டன் மீட்டர் டார்க் (அதாவது இழுவை), 6000 சுற்றில் 87 குதிரைசக்தி. ஐரோப்பிய எஸ்2000இன் 1997 சி.சி. இன்ஜின் 7500 சுற்றில் 208 நியூட்டன் மீட்டர், 8300 சுற்றில் 240 குதிரைசக்தி. லிட்டர் கணக்கில் பிரித்துப் பாருங்கள். டார்க்கில் ஸ்விஃப்ட்டுக்கு 95, எஸ்2000க்கு 104. பெரிய வித்தியாசம் இல்லை. குதிரைசக்தியிலோ ஸ்விஃப்ட்டுக்கு 73, எஸ்2000க்கு 120.

எங்கிருந்து வந்தது அந்த வித்தியாசம்? குதிரைசக்தி என்பது இழுவையையும் சுற்றையும் பெருக்கினால் வருவது. ஒவ்வொரு வெடிப்பிலும் எஸ்2000 அபூர்வமான பலம் எதையும் காட்டிவிடவில்லை. சாதாரண இன்ஜின் மூச்சுத் திணறி இழுவையைக் கைவிடும் 6000 சுற்றைத் தாண்டியும், 8000 வரை, அது அதே இழுவையைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வால்வு அதிக நேரம் திறந்திருப்பதால் அங்கேயும் சிலிண்டர் நிறைகிறது. நடுப்புடைப்பை மட்டும் வைத்து அதே 240ஐ ஹோண்டா எடுத்திருக்க முடியும். ஆனால் அந்தக் காரை டோக்கியோ நெரிசலில் யாரும் ஓட்டியிருக்க முடியாது. வால்வு நேரத்தை மாற்றும் ஏற்பாடு குதிரைசக்தியைக் கூட்டுகிறது என்று விளம்பரங்கள் சொல்வது பாதி உண்மை. மேலே சக்தியைத் தேடிப் போனதற்குக் கீழே கட்ட வேண்டியிருந்த அபராதத்தை அது தள்ளுபடி செய்கிறது என்பதுதான் முழு உண்மை.

பி.எம்.டபிள்யூ, போர்ஷே, டொயோட்டா எல்லாம் வேறு வழியில் போயின. கேமின் வடிவத்தை விட்டுவிட்டு, அதை முன்னும் பின்னும் திருப்பின. 1992இல் பி.எம்.டபிள்யூ இன்லெட்டில் தொடங்கி, சில ஆண்டுகளில் எம்3யில் எக்ஸாஸ்டுக்கும் கொண்டுபோனது. இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது இந்த வழியின் வாரிசுதான். சங்கிலிச் சக்கரத்துக்குள் இறக்கைகள் கொண்ட ஒரு சுழலி, இறக்கைகளின் இருபுறமும் ஆயில் அறைகள். எந்த அறைக்கு ஆயில் அழுத்தம் போகிறதோ அந்தப் பக்கம் கேம் திரும்பும். கிராங்க் கணக்கில் 40, 50 டிகிரி வரை நகர முடியும். எந்த அறைக்கு எவ்வளவு என்பதைக் கட்டுப்படுத்துவது விரல் நீளமுள்ள ஒரு ஆயில் கண்ட்ரோல் வால்வு. அதற்குக் கட்டளை இடுவது கம்ப்யூட்டர். ஹோண்டாவின் வழியில் ஒரு கணத்தில் குணம் மாறும், முதுகில் உதைத்தாற்போல் தெரியும். இந்த வழியில் மாற்றம் இடைவிடாமல், ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடக்கும். போர்ஷே 2000இல் 911 டர்போவில் இரண்டையும் சேர்த்துக்கொண்டது, ஹோண்டாவும் அதே காலத்தில் ஐ-விடெக் என்று இரண்டையும் சேர்த்தது.

இந்தியாவில் இந்த உதையை நடுத்தரக் குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தியது ஹோண்டா சிட்டி. 2000 வாக்கில் வந்த 1.5 லிட்டர் விடெக், 106 குதிரைசக்தி. இன்றும் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து 2003இல் வந்த சிட்டியிலும் 1.5 லிட்டர்தான், ஆனால் விடெக் இல்லை. மைலேஜும் கீழ்ச்சுற்று இழுவையும் போதும் என்று செய்த இன்ஜின், 77 குதிரைசக்தி. ஊருக்குள் ஓட்ட அது உண்மையில் சுகமான கார். ஆனாலும் பழைய விடெக்கை ஓட்டிப் பழகியவர்கள் முகம் சுளித்தார்கள், பின்னால் விடெக் வடிவமும் திரும்ப வந்தது. ஒரே கொள்ளளவில் அபராதத்தை எந்தப் பக்கம் கட்டுவது என்ற பழைய கேள்விக்கு இரண்டு பதில்கள்.

இப்போது தென்காசிப் பையன்கள் இதைக் கற்றுக்கொள்வது காரில் அல்ல, யமஹா ஆர்15இல். 2008இல் வந்த முதல் ஆர்15க்கு 8500 சுற்றில் 17 குதிரைசக்தி. 2018இல் வந்த மூன்றாம் பதிப்பில் விவிஏ வந்தது: இன்லெட்டுக்கு இரண்டு கேம், 7400 சுற்றில் மாறும். 155 சி.சி.யில் 10,000 சுற்றில் 19.3 குதிரைசக்தி. மாறும் கணத்தில் மீட்டரில் விவிஏ என்று எழுத்து தெரியும். அதைத் தெரியவைக்கவே ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியரைக்குக் கிளம்பும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அந்த வளைவின் மறுபக்கத்தில் டாரஸ் வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயத் தடம் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. 7400க்கு மேல் என்ன நடக்கிறது என்பதை அங்கே போய்ப் பாருங்கள்.

அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் ஆலையும். 2021இல் அங்கிருந்து வந்த ஐ20 என் லைன், 998 சி.சி. டர்போ, 120 குதிரைசக்தி. 172 நியூட்டன் மீட்டர் டார்க், 1500 சுற்றிலிருந்து 4000 வரை ஒரே அளவில். அம்பாசடர் இன்ஜினில் மூன்றில் இரண்டு பங்கு அளவுள்ள இன்ஜின் அது. டர்போவும் மாறும் வால்வு நேரமும் நல்ல கூட்டாளிகள். கீழ்ச்சுற்றில் ஓவர்லாப்பைக் கூட்டினால், டர்போ அழுத்தித் தள்ளும் காற்று புகையைத் திரும்பவிடாமல் சிலிண்டரைக் கழுவிக்கொண்டு வெளியேறி டர்போவைச் சீக்கிரம் சுழலவைக்கும். டர்போ கார் என்றால் முதலில் தூங்கி, பிறகு திடுக்கென்று விழிக்கும் என்ற பழைய புகார் குறைந்ததில் இதற்கும் பங்குண்டு.

இத்தனை நன்மை இருந்தால் ஃபார்முலா ஒன்னில் இது கட்டாயம் இருக்கும் என்றுதானே தோன்றும்? கிடையாது. 2006 முதல் விதியே தடுக்கிறது. 2012இல் கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய எச்.ஆர்.டி. காரின் காஸ்வர்த் வி8 இன்ஜின் 18,000 சுற்று வரை போகும், ஆனால் அதன் வால்வு நேரம் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது, அம்பாசடரைப் போலவே. செலவைக் கட்டுப்படுத்தப் போட்ட விதி அது. அந்த விதியால் யாரும் பெரிதாகக் கஷ்டப்படவும் இல்லை. பந்தயக் கார் எப்போதும் மேல் சுற்றிலேயே இருக்கிறது, கியருக்குப் பஞ்சமில்லை, லாரிக்குப் பின்னால் ஊர வேண்டியதும் இல்லை. வால்வு நேரத்தை மாற்ற வேண்டிய தேவை சாலையில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் இருக்கிறது.

டாக்சிகளுக்கும் இந்த மாற்றம் வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது. நெடுங்காலம் இந்தப் பக்கத்து டாக்சி என்றால் டீசல் டிசையர். கீழ்ச்சுற்றிலேயே முரட்டு இழுவை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. பெட்ரோலும் சிஎன்ஜியும் மலையேறாது என்று ஓட்டுநர்கள் அடித்துச் சொன்னார்கள். ஏறிக்கொண்டிருக்கிறது. டீசல் அளவுக்கு இல்லை, அது உண்மை. நான்கு பேரும் பெட்டியும் இருந்தால் சிஎன்ஜி வண்டியில் கியரைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் நடு ஏற்றத்தில் குறைத்தாலும் வண்டி சாவதில்லை.

இழப்பு இல்லையா என்றால், உண்டு. ஏற்றம் வரும் முன்பே கியரைத் தேர்ந்தெடுத்த அந்தக் காது இன்றைய ஓட்டுநருக்குத் தேவையில்லை, அதனால் வளர்வதும் இல்லை. மெக்கானிக்கின் விரல் நுனிக்கும் வேலை போய்விட்டது. பல இன்ஜின்களில் டேப்பட் இடைவெளியை ஆயிலே நிரப்பிக்கொள்கிறது, மற்றவற்றில் நீண்ட தூரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். வளைவில் சத்தம் மாறி முதுகில் உதைத்த அந்தப் பழைய விடெக் சந்தோஷமும் புதிய கார்களில் மழுங்கிவிட்டது. எல்லாச் சுற்றிலும் சரியாக இழுக்கும் இன்ஜின் எந்தச் சுற்றிலும் ஆச்சரியம் தருவதில்லை. இருந்தாலும் ஏழு பேரோடு ஓரங்கட்டி நின்ற அந்த நாளுக்குத் திரும்ப எனக்கு ஆசை இல்லை.

பட்டறையில் வேலை ஒழிந்துவிடவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்திருக்கிறது. தென்காசியில் எனக்குப் பழக்கமான பட்டறையில் கேட்ட பேச்சு இது. வந்தவர் ஓர் இளைஞர், வண்டிக்கு ஐந்தாறு வயது இருக்கும்.

"அண்ணாச்சி, புளியரைல வண்டி முக்குது. மூணாவதுல ஏற மாட்டேங்கு. செக் லைட்டும் எரியுது."

"ஆயில் எப்பம் மாத்துன தம்பி?"

"போன பொங்கலுக்கு."

"என்ன ஆயில்?"

"தெரியல அண்ணாச்சி. கெட்டியா நல்லதா ஊத்தச் சொன்னேன்."

ஸ்கேனரைச் சொருகியதும் பி0011 என்று வந்தது. கேம் இருக்க வேண்டிய கோணத்தைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சி கம்ப்யூட்டரையோ கேமையோ தொடவில்லை. ஒற்றை போல்ட்டைக் கழற்றி ஆயில் கண்ட்ரோல் வால்வை வெளியே இழுத்தார். அதன் வாயில் இருந்த மெல்லிய கம்பி வலையில் கறுப்புப் பிசுக்கு, தார் ஒட்டியதுபோல. நகத்தால் சுரண்டிக் காட்டினார். உள்ளே நகர வேண்டிய தண்டு பாதியில் சிக்கி நின்றிருந்தது. கேம் ஒரே நிலையில் உறைந்துவிட்டதால் அந்தப் புதுக் கார், அன்றைக்கு இருந்த நிரந்தரக் கேம் காராகவே மாறிவிட்டிருந்தது. வேண்டாத கோணத்தில் உறைந்ததால் அதைவிடவும் மோசமாக.

டேப்பட் காலத்தில் ஆயில் தேய்மானத்தைத் தடுக்கும் பொருள், அவ்வளவுதான். கெட்டியாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது, பழைய இன்ஜினுக்கு அது சரியாகவும் இருந்தது. இன்று கேமைத் திருப்புவதும் ஊசியைத் தள்ளிப் பூட்டுவதும் ஆயில்தான். ஊசி முனை போன்ற வழிகளில் அது உரிய நேரத்தில், உரிய அழுத்தத்தில் போய்ச் சேர வேண்டும். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றுவது பாசம் காட்டுவது ஆகாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்து, எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்ற மூன்றையும் பாருங்கள். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன் பாருங்கள். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.